நிலப் பாதுகாப்பு அறக்கட்டளை வளரும்போது: தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பணம் தட்டுப்பட்டால் பெரும்பாலான தொண்டு நிறுவனங்கள் அடுத்த ஆண்டு ஒரு திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும். நிலப் பாதுகாப்பு அறக்கட்டளைக்கு அந்த வழி இல்லை. இந்த நிலம் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று பத்திரத்தில் எழுதிப் பதிவும் செய்தாகிவிட்டது. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு ஏக்கரும் சாதனையாகத் தெரியும். கணக்குப் பிள்ளையைக் கேட்டால் அது முடிவே இல்லாத செலவு என்பார். இரண்டும் உண்மைதான்.

ஆகவே வளர்ச்சியை ஏக்கரால் அளக்கக் கூடாது. ஏற்கெனவே கையில் உள்ள நிலத்தைக் காக்கும் திறன் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற அளவில் புதிய நிலத்தை எடுப்பதே சரியான வரிசை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

இத்துறையில் பழைய அமைப்புகளின் வயதைப் பார்த்தால் காலக்கணக்கு புரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 'டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ்' 1891இல் தொடங்கியது. பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் 1895இல் வந்தது. 1907இல் இயற்றப்பட்ட சட்டம், தன் நிலத்தை விற்க முடியாததாக அறிவிக்கும் அதிகாரத்தை அதற்குத் தந்தது. தொடங்கியவர்கள் எல்லாரும் போன பிறகும் நிலம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் இன்று எடுக்கும் முடிவுகளையும், உங்களை ஒருநாளும் சந்தித்திராத ஒருவர் நடைமுறைப்படுத்தும்படி எழுதி வைக்க வேண்டும்.

பாதுகாக்கும் முறைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, நிலத்தையே அறக்கட்டளை வாங்குவது அல்லது தானமாகப் பெறுவது. மற்றொன்று, சட்டம் இடம் தரும் நாடுகளில், பாதுகாப்பு ஒப்பந்தம்: நிலம் உரிமையாளரிடமே இருக்கும், வீடு கட்டுவது, மனை பிரிப்பது, மண் எடுப்பது போன்ற உரிமைகளை மட்டும் அவர் நிரந்தரமாக விட்டுக்கொடுப்பார். அந்தக் கட்டுப்பாடு மீறப்படாமல் பார்த்துக்கொள்வது அறக்கட்டளையின் வேலை. இரண்டாவது முறை மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். முதல் உரிமையாளர் இருக்கும்வரை அது மலிவாகவே இருக்கும்.

படி 1: கையில் இருப்பதைக் கணக்கெடுங்கள்

வளர்ச்சித் திட்டம் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்க வேண்டியவை: பதிவான மூலப் பத்திரம், சர்வே வரைபடம், உரிமை ஆய்வு, அடிப்படை நில அறிக்கை, ஆண்டுக் கண்காணிப்பு அறிக்கைகள், உரிமையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, கொடுத்த அனுமதிகள், மேலாண்மைத் திட்டம்.

இவற்றில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது அடிப்படை நில அறிக்கை. ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் நிலம் எப்படி இருந்தது என்பதற்கான ஒரே சாட்சி அதுதான். எண்ணிட்ட புகைப்படப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் ஆயத்தொலைவும் கேமரா பார்த்த திசையும், இருக்கும் கட்டடங்களின் நீள அகலம், பாதைகள், வேலிகள், குப்பை கொட்டிய இடங்கள், நீர்நிலைகள், தாவர வகைகள் எல்லாம் அதில் வேண்டும். உரிமையாளரும் அறக்கட்டளையும் ஒப்பந்த நாளிலோ அதற்கு முன்போ அதில் கையெழுத்திட வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து, 'அந்தக் கொட்டகை அப்போதே இருந்தது' என்று ஒருவர் சொன்னால், இந்த அறிக்கை இல்லாமல் வழக்கில் நிற்க முடியாது.

அறிக்கை விடுபட்ட நிலங்களுக்கு இன்றைய தேதியிலாவது ஒன்று தயாரியுங்கள். பழைய வான்படங்களைச் சேர்த்துவையுங்கள். ஆனால் அதில் பழைய தேதியை மட்டும் போடாதீர்கள். நீதிமன்றத்தில் அந்த ஒரு காகிதம் மற்ற எல்லாக் காகிதங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

மூல ஆவணங்கள் ஓரிடத்திலும் நகல்கள் வேறு கட்டடத்திலும் இருக்கட்டும். மின்னணுப் பிரதி மூன்றாவது. ஆவணங்களை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு நூறு நிலங்களை நிர்வகிக்கும் அமைப்புகள் இன்னும் இருக்கின்றன.

படி 2: ஆள்–நாள் கணக்கு போடுங்கள்

ஒப்பந்த நிலம் ஒன்றுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 நாள் வேலை உண்டு: கோப்பைப் படித்து வரைபடம் தயார் செய்ய அரை நாள், நேரில் சுற்றிவர ஒரு நாள், அறிக்கை எழுத அரை நாள், உரிமையாளரின் கேள்விகளுக்கும் அனுமதிக் கோரிக்கைகளுக்கும் ஒரு நாள். முழுநேரக் களப் பணியாளருக்கு ஆண்டில் சுமார் 220 வேலை நாள். கூட்டம், பயிற்சி, விடுப்பில் போனவரின் வேலை என்று கழித்தால் நிலத்துக்கென்று மிஞ்சுவது 130 சொச்சம். மூன்றால் வகுத்தால் 43 வரும். ஆனால் ஒரு விதிமீறல் வந்தாலே மாதக்கணக்கில் நேரம் போகும். ஆகவே ஒருவருக்கு 35 ஒப்பந்த நிலங்கள் என்று வைத்துக்கொள்வது நிதானமான கணக்கு.

அறக்கட்டளைக்கே சொந்தமான நிலம் தனிக் கணக்கு. நடைபாதை, வேலி, பார்வையாளர், களைச்செடி அகற்றல் எல்லாம் சேர்ந்தால் ஒரு நிலத்துக்கு 15 முதல் 40 நாள் ஆகும். 30 ஒப்பந்த நிலங்களும் 4 சொந்த நிலங்களும் உள்ள ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த நிலங்களுக்கு 90 நாள், சொந்த நிலங்களுக்குத் தலா 20 வீதம் 80 நாள், ஆக 170. ஒரே ஒரு களப் பணியாளர் இருந்தால் ஏற்கெனவே 40 நாள் கடன். இந்த நிலையில் ஆண்டுக்கு எட்டு புதிய நிலங்கள் எடுப்பதாக அறிவித்தால் அது கடன்மேல் கடன்தான்.

அமெரிக்க நில அறக்கட்டளைகளின் கூட்டமைப்பான 'லேண்ட் டிரஸ்ட் அலையன்ஸ்' 2017இல் திருத்திய நெறிமுறைகளின்படி, ஒப்பந்த நிலம் ஒவ்வொன்றையும் நாட்காட்டி ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்காணிக்க வேண்டும். வான்வழிக் கண்காணிப்பைப் பயன்படுத்தினால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் போயாக வேண்டும். எந்த நாட்டில் இருந்தாலும் இதை உங்கள் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் படம் புதுக் கட்டடத்தைக் காட்டும். மரநிழலில் கொட்டிய பழைய எண்ணெய்ப் பீப்பாயைக் காட்டாது.

கணக்கில் பற்றாக்குறை தெரிந்தால் ஓராண்டு புதிய நிலம் எடுப்பதை நிறுத்துங்கள். கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் வரும். காரணத்தை எண்களோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

படி 3: நிலம் வரும்போதே அதன் ஆயுட்காலச் செலவையும் கொண்டுவர வேண்டும்

ஒவ்வொரு நிலத்துக்கும் பராமரிப்பு வைப்புநிதி வேண்டும். கணக்கு எளிது. அந்த நிலத்துக்கு ஆகும் ஆண்டுச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். வைப்புநிதியிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுப்பது என்றால், தேவைப்படும் தொகை ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு. 3.5 சதவீதம் என்றால் சுமார் 28.6 மடங்கு. முதலீடு ஈட்டுவது முழுவதையும் எடுத்தால் விலைவாசி ஏற்றம் அசலை அரித்துவிடும்; ஈட்டத்தில் விலைவாசி ஏற்றத்தைக் கழித்த மிச்சமே செலவுக்குரியது. சந்தை விழுந்த ஆண்டில் கை சுருங்காமல் இருக்க, கடந்த 12 காலாண்டுகளின் சராசரி மதிப்பின் மேல் சதவீதத்தைக் கணக்கிடுங்கள்.

அந்தத் தொகையைப் பத்திரப் பதிவுக்கு முன்பே கையில் வாங்கிவிடுங்கள். உரிமையாளர் தரலாம், திட்டத்துக்கு நன்கொடை திரட்டும்போதே இலக்கில் சேர்க்கலாம். பதிவு முடிந்த பிறகு கேட்டால் கொடுப்பதற்கு யாருக்கும் அவசரம் இருக்காது. 'நல்ல நிலம், கையைவிட்டுப் போய்விடும், பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு எல்லா அறங்காவலர் கூட்டத்திலும் ஒருநாள் எழும். எப்போதாவது அப்படி எடுக்க நேர்ந்தால், பணம் எங்கிருந்து, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்பதைத் தீர்மானத்திலேயே எழுதுங்கள்.

சட்டப் பாதுகாப்பு நிதி வேறு, பராமரிப்பு நிதி வேறு. ஒரு வழக்கு பல ஆண்டு இழுக்கும். இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால் அந்த ஒரு வழக்கே கண்காணிப்பை நிறுத்திவிடும். இந்த ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளத்தான் அமெரிக்க நில அறக்கட்டளைகள் 'டெராஃபர்மா' என்ற சொந்தக் காப்பீட்டு நிறுவனத்தை அமைத்து, 2013 முதல் காப்பீடு வழங்குகின்றன. அப்படி ஒன்று இல்லாத இடத்தில் நான்கைந்து அமைப்புகள் சேர்ந்து பொதுநிதி வைத்துக்கொள்ளலாம்.

வளரும் அமைப்புகள் மூச்சுத்திணறுவது பெரும்பாலும் ரொக்கப் புழக்கத்தில்தான். அரசு மானியங்களில் பல, செலவு செய்த பிறகே திருப்பித் தரப்படுபவை. நிலத்துக்கு இன்று பணம் கொடுக்க வேண்டும். மானியம் எட்டு மாதம் கழித்து வரும். அந்த இடைவெளியைப் பராமரிப்பு வைப்புநிதியிலிருந்து நிரப்பும் பழக்கம் மெதுவாகத் தொற்றும். அதைத் தடுக்க, நிலம் வாங்க மட்டும் சுழல்நிதி ஒன்றைத் தனியாக உருவாக்குங்கள். எந்த நோக்கத்துக்கும் கட்டுப்படாத கையிருப்பு ஆறு மாத இயக்கச் செலவுக்குக் குறையக் கூடாது.

படி 4: வேண்டாம் என்று சொல்ல ஒரு முறை

அமைப்பு பெயர் வாங்கியதும் நிலம் தேடி வரும். மறுப்பது இயக்குநரின் மனத்துணிவை மட்டும் நம்பியிருந்தால் பாதி மறுக்கப்படாது. முறை இருக்க வேண்டும்:

1. முதல் விசாரணைக்கு ஒரு பக்கப் படிவம். கவனம் செலுத்தும் பகுதிக்கு வெளியே என்றால் இங்கேயே மறுப்புக் கடிதம், கூடவே பொருத்தமான வேறு அமைப்பின் பெயர்.
2. களப்பயணம். எழுதி வைத்த அளவுகோல்களில் மதிப்பெண்: வாழிடத் தரம், பாதுகாக்கப்பட்ட பிற நிலங்களோடு தொடர்ச்சி, நீர்வளம், அச்சுறுத்தல், காக்க ஆகும் செலவு. செலவுக்கு மற்றவற்றுக்கு நிகரான எடை கொடுங்கள்.
3. அறங்காவலர்களின் முதற்கட்ட ஒப்புதல். பணம் செலவழிப்பது இதற்குப் பின்புதான்.
4. உரிமை ஆய்வு, சர்வே, மண் மாசு ஆய்வு, சுயேச்சையான மதிப்பீடு.
5. இறுதி ஒப்புதல், பிறகு பதிவு.

தொடக்கம் முதல் முடிவு வரை 9 முதல் 18 மாதம் பிடிக்கும். வில்லங்கம் எல்லாம் நான்காம் கட்டத்தில்தான் பிடிபடும். நிலத்தின் மேல் அடமானம் இருந்தால், வங்கியின் உரிமை பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு அடுத்தபடிதான் என்று வங்கியிடம் எழுதி வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கடன் தவறி நிலம் ஏலத்துக்கு வரும்போது ஒப்பந்தமே அழிந்துபோகலாம். கனிம உரிமை வேறொருவரிடம் இருந்தால் மேலே காடும் கீழே சுரங்கமுமாக முடியும். சட்டப்படி போய்வரப் பாதை இல்லாத நிலம் இன்னொரு பொறி. பக்கத்து உரிமையாளர் மாறிய அன்று கண்காணிப்புக்கே வழி அடைபடும். பழைய தொழில் நடந்த நிலத்தை ஆய்வின்றித் தானமாக வாங்கினால் மாசைச் சுத்தம் செய்யும் பொறுப்பும் சேர்ந்து வரலாம்.

படி 5: அறங்காவலர் குழு மாற வேண்டும்

தொடக்க காலக் குழு களைபிடுங்கும், செய்திமடல் அஞ்சல் செய்யும், கணக்கும் எழுதும். ஊழியர்கள் வந்த பின்பும் அதே பழக்கம் தொடர்ந்தால் இயக்குநருக்குப் பன்னிரண்டு மேலதிகாரிகள். குழு எதை முடிவு செய்யும், இயக்குநர் எதை முடிவு செய்வார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி ஒப்புதல் பெறுங்கள். நிலம் எடுப்பது, விற்பது, ஒப்பந்தத் திருத்தம், வழக்கு, வரவுசெலவுத் திட்டம், இயக்குநர் நியமனம் ஆகியவை குழுவுக்கு. மற்றவை ஊழியர்களுக்கு.

பதவிக்காலம் மூன்று ஆண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் மாறும்படி அமைத்தால் நினைவும் அறுபடாது, தேக்கமும் வராது. களப் பணியை விரும்பும் பழைய அறங்காவலர்களுக்குத் தன்னார்வக் கண்காணிப்பாளர் பொறுப்பு கொடுங்கள். அவர்களை வெறுமனே வழியனுப்பினால் அமைப்பின் சிறந்த கண்களை இழப்பீர்கள்.

நலன் முரண் விஷயத்தில் இளகக் கூடாது. அறங்காவலர், ஊழியர், அவர்களின் குடும்பத்தார் ஆகியோரின் நிலம் விவாதத்துக்கு வந்தால், சம்பந்தப்பட்டவர் அறையை விட்டு வெளியேற வேண்டும். அது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். உலகின் மிகப் பெரிய பாதுகாப்பு அமைப்புகளில் ஒன்றான 'தி நேச்சர் கன்சர்வன்சி' பற்றி 2003இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் தொடர் கட்டுரைகள் வெளியிட்டது. தன்னோடு தொடர்புடையவர்களுக்கு நிலம் விற்றது அதில் எழுந்த கேள்விகளில் ஒன்று. அதன் பிறகு அறங்காவலர்களுக்கும் ஊழியர்களுக்கும் நிலம் விற்பதை அந்த அமைப்பே தடைசெய்து, நிர்வாக முறைகளையும் மாற்றிக்கொண்டது. சிறிய அமைப்பு அந்த விதியை முதல் நாளே எழுதிக்கொள்ளலாம்.

படி 6: யாரை எப்போது வேலைக்கு எடுப்பது

பலர் செய்யும் தவறு, இயக்குநருக்கு அடுத்தபடியாக நிலம் எடுப்பவரை நியமிப்பது. நிலம் வேகமாகச் சேரும், கோப்புகள் பின்தங்கும். எங்கள் பரிந்துரை: இரண்டாவது ஆள் நிலப் பராமரிப்புக்கு, மூன்றாவது ஆள் கணக்குக்கும் அலுவலகத்துக்கும், நான்காவது நிதி திரட்ட, ஐந்தாவதாக நிலம் எடுப்பவர். அதுவரை நிலம் எடுக்கும் பேச்சுவார்த்தை இயக்குநரின் வேலை.

தனியாகக் களத்துக்குப் போகிறவர், புறப்படும் நேரம், வழி, திரும்பும் நேரம் மூன்றையும் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்துக்கு அழைப்பு வரவில்லை என்றால் யார் என்ன செய்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். விதிமீறல் சந்தேகம் உள்ள நிலத்துக்கு இருவராகவே போங்கள்.

படி 7: நிறுவனர் விலகும்போது

இதுதான் பெரும்பாலான அமைப்புகளை உலுக்கும் மாற்றம். நிறுவனரின் தலைக்குள் இருப்பது கோப்பில் இல்லை. அதிலும் ஆபத்தானவை வாய்மொழி வாக்குறுதிகள். 'மகனுக்கு ஒரு சின்ன வீடு கட்டிக்கொள்ளலாம்', 'அந்த மூலையில் வண்டி நிறுத்தினால் ஒன்றும் சொல்ல மாட்டோம்' என்பது போன்றவை. புதிய இயக்குநர் அதே வீட்டை விதிமீறல் என்று நோட்டீஸ் அனுப்பும்போதுதான் இவை வெளிவரும்.

விலகலுக்கு 12 முதல் 18 மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். நிறுவனரோடு உட்கார்ந்து ஒவ்வொரு நிலக் கோப்பையும் புரட்டி, யாரிடம் என்ன சொன்னார் என்று எழுதி வாங்குங்கள். ஒப்பந்தத்துக்கு முரணானவற்றை வழக்கறிஞரிடம் காட்டி, அனுமதிக்கத் தக்கது எது, மறுக்க வேண்டியது எது என்று பிரியுங்கள். மறுக்க வேண்டியதை நிறுவனரே உரிமையாளரிடம் போய்ச் சொல்லட்டும். முக்கிய உரிமையாளர்களுக்கும் பெரிய கொடையாளர்களுக்கும் அடுத்தவரை அவரே அழைத்துப் போய் அறிமுகப்படுத்த வேண்டும், மின்னஞ்சல் போதாது.

விலகிய பின் குறைந்தது ஓராண்டு அவர் அறங்காவலர் குழுவில் அமரக் கூடாது. மரியாதைக் குறைவு என்று சிலர் வருந்துவார்கள். ஆனால் முன்னாள் இயக்குநர் எதிரே அமர்ந்திருக்கும் கூட்டத்தில் புதியவர் எந்தப் பழைய முடிவையும் கேள்வி கேட்க முடியாது. பொருத்தமான ஆள் உடனே கிடைக்கவில்லை என்றால், நிரந்தரப் பதவிக்குப் போட்டியிடாத இடைக்கால இயக்குநரை ஆறு முதல் ஒன்பது மாதத்துக்கு வையுங்கள். கசப்பான சீர்திருத்தங்களை அவர் முடித்துவிட்டால் அடுத்தவர் கெட்ட பெயரோடு தொடங்க வேண்டியிருக்காது.

படி 8: இன்னொரு அமைப்போடு இணைவது

முழு இணைப்புக்கு முன் சிறிய படிகள் உண்டு: கணக்காளரைப் பகிர்ந்துகொள்வது, கண்காணிப்பைக் கூட்டாகச் செய்வது, ஒரு நிலத்தை இருவரும் சேர்ந்து எடுப்பது. இவற்றில் ஓராண்டு ஓடிப் பார்த்தால் இரு தரப்பின் பழக்கவழக்கங்களும் தெரிந்துவிடும்.

இணைவது என்று முடிவானால் எதிர்த்தரப்பின் இருப்புநிலைக் குறிப்பை விட நிலக் கோப்புகளை முதலில் கேளுங்கள். முப்பது நிலங்களில் எத்தனைக்குக் கடந்த ஆண்டின் கண்காணிப்பு அறிக்கை இருக்கிறது, தீர்க்கப்படாத விதிமீறல் எத்தனை, குறிப்பிட்ட நோக்கத்துக்காக வந்த நன்கொடைகள் அந்த நோக்கத்துக்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்காணிக்காத நிலத்தை ஏற்றால் பல ஆண்டுகளின் விதிமீறல்கள் உங்கள் தலையில் விழும். தேவையான நிதி குறைந்தால், அதைத் திரட்டிய பிறகே இணைப்பு நடக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நில உரிமையாளர்களுக்குச் செய்தி உங்களிடமிருந்தே முதலில் போக வேண்டும். வதந்தி முந்திக்கொண்டால் நம்பிக்கையைத் திரும்பப் பெற நெடுநாள் ஆகும்.

படி 9: நிலமும் மாறும், உரிமையாளரும் மாறுவார்

ஒப்பந்த விதிமீறல்களில் பெரும்பகுதி, கையெழுத்திட்டவர் போன பிறகு நிலத்தை வாங்கியவராலோ அக்கம்பக்கத்தாராலோ நடக்கிறது. வாங்கியவர் பல நேரம் ஒப்பந்தத்தைப் படித்தே இருக்க மாட்டார். உரிமை மாற்றத்தை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இருந்தாலும் பதிவேடுகளை ஆண்டுக்கு இருமுறை நீங்களே பாருங்கள். புது உரிமையாளரை 60 நாளுக்குள் நேரில் சந்தித்து, ஒப்பந்தத்தின் எளிய சுருக்கத்தையும் வரைபடத்தையும் கொடுங்கள். விதிமீறல் கண்ணில் பட்டால் முதலில் புகைப்படமும் பதிவும், பிறகு நேர்ப்பேச்சு, பிறகு எழுத்து மூலம் காலக்கெடு, கடைசியில் வழக்கு. எந்த அளவு மீறலுக்கு எந்தப் படி என்பதை முன்பே எழுதி வையுங்கள். இல்லையென்றால் செல்வாக்குள்ளவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு ஒரு நீதி என்று ஆகிவிடும்.

தட்பவெப்பம் மாறுவதால் ஒரே ஓர் இனத்தை நம்பி எழுதிய ஒப்பந்தங்கள் ஆட்டம் காண்கின்றன. அந்த இனம் வேறிடம் பெயர்ந்துவிட்டால் ஒப்பந்தத்தின் நோக்கமே போய்விட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். நீர்ப்பிடிப்பு, மண், வாழிடத் தொடர்ச்சி, திறந்தவெளி எனப் பல நோக்கங்களை எழுதுங்கள். நுணுக்கமான மேலாண்மை விதிகளை ஒப்பந்தத்தில் அடைக்காமல், ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும் தனித் திட்டத்தில் வையுங்கள். அந்த நிலத்தைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த மேய்ப்பர்கள், மீனவர்கள், பழங்குடியினரைத் திட்டம் எழுதும்போதே அழைத்துப் பேசுங்கள். எழுதி முடித்த பிறகு அழைத்தால் அதற்குப் பெயர் அறிவிப்பு.

படி 10: அமைப்பே இல்லாமல் போனால்

இதை விவாதிக்க எந்தக் குழுவுக்கும் பிடிக்காது. ஆனாலும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், அறக்கட்டளை கலைந்தால் யார் பொறுப்பேற்பார் என்று ஒரு மாற்று அமைப்பின் பெயர் வேண்டும். அந்த அமைப்பின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பெயரை மட்டும் எழுதுவது பயனற்றது. பராமரிப்பு வைப்புநிதியும் நிலத்தோடு சேர்ந்து அவர்களிடம் போகும் என்பதை அமைப்பின் விதிகளில் சேருங்கள். வெறும் கடமையை மட்டும் வாங்கிக்கொள்ள யாரும் முன்வர மாட்டார்கள். சம்மதக் கடிதத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். அங்கும் தலைமை மாறியிருக்கும். புதிதாக வந்தவருக்கு அந்தக் கடிதம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம்.